'டீல்': கூறுபோடுவதிலிருந்து கைகுலுக்குவது வரை

சென்ற மாதம் ஒரு நினைவுக் கட்டுரையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் ஓர் அமெரிக்க விவசாயக் குடும்பம் பட்ட பாட்டைச் சொல்லும் கட்டுரை அது. அதன் ஒரே பக்கத்தில் 'டீல்' என்னும் சொல் ஆறு இடங்களில் வந்திருந்தது. தந்தை இரவில் கணக்கெழுத உட்காருவது ஒரு 'டீல்' மேசையில். குடும்பத்துக்கு இருந்த கடன் 'கிரேட் டீல்'. வங்கியோடு 'டீல்' செய்வது தாயின் பொறுப்பு. விளைச்சலை வாங்க வருபவர் தானிய 'டீலர்'. அவரோடு பேசி முடித்தது ஒரு 'டீல்'. கடைசியில் அவர்களைக் கரையேற்ற வந்தது அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' என்னும் பொருளாதார மீட்புத் திட்டம். ஆறுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட முடியாது என்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. ஏன் முடியாது என்று தெரிந்துகொள்ள அகராதிகளுக்குள் நுழைந்தேன். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு வாரம் இழுத்தது.

இன்று 'டீல்' என்றவுடன் நம் மனத்தில் எழுவது பேரம், பேசி முடித்த உடன்பாடு, கைகுலுக்கல் ஆகியவைதான். தமிழ்ப் பேச்சிலும் 'டீல் முடிந்தது', 'டீல் பேசுகிறார்கள்' என்று அந்தப் பொருளில்தான் அது புழங்குகிறது. அதோடு ஏதோ ஒன்று மறைவில் நடக்கிறது என்ற சாயலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாம் முதன்மையானது என்று நினைக்கும் இந்தப் பொருள்தான் அச்சொல்லின் பொருள்களிலேயே மிக இளையவற்றுள் ஒன்று. பெயர்ச்சொல்லாக அது வணிக உடன்பாட்டைக் குறிக்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் அமெரிக்காவில், கொச்சை வழக்காக. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளாக அந்தச் சொல் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் பங்கு, பகுதி, கூறு என்பதே. ஒலிப்பில் 'ட'வுக்கும் 'ல'வுக்கும் நடுவே, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடைப்பட்ட ஒரு நெடில் இருந்தது. வினையாக வரும்போது பிரித்தல், பகிர்ந்தளித்தல் என்று பொருள். இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய சொல்லன்று. ஜெர்மானிய மொழிக் குடும்பம் முழுவதும் இதன் உடன்பிறப்புகள் உள்ளன. ஜெர்மனில் 'டைல்', டச்சிலும் சுவீடிஷிலும் 'டேல்' என்று சிறு வேறுபாடுகளோடு ஒலிக்கும் அவையனைத்தும் இன்றுவரை பகுதி என்ற பொருளிலேயே வழங்குகின்றன. அந்தக் குடும்பத்தில் வியாபாரத்துக்குப் போன பிள்ளை ஆங்கிலச் சொல் ஒன்றுதான்.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தைப் புரட்டினால், இந்தச் சொல்லின் பழைய முகங்களை ஒரே நூலில் காணலாம். யாத்திராகமத்தின் 29-ஆம் அதிகாரத்தில் பலியோடு படைக்க வேண்டிய மாவின் அளவு 'பத்தில் ஒரு டீல்' என்று வருகிறது. அங்கே அது பங்கு. ஏசாயாவின் 58-ஆம் அதிகாரம், பசித்தவனுக்கு உன் அப்பத்தை 'டீல்' செய் என்கிறது. இது பகிர்ந்து கொடு என்னும் கட்டளை. யாத்திராகமத்தின் தொடக்கத்திலோ, பெருகிவரும் இஸ்ரவேலரோடு நாம் தந்திரமாய் 'டீல்' செய்வோம் என்கிறான் எகிப்திய மன்னன்; இங்கே அது நடந்துகொள்ளும் முறையைக் குறிக்கிறது. பசித்தவனுக்கு அப்பத்தை 'டீல்' செய்வது என்பதை இன்றைய ஆங்கில இளைஞர் ஒருவர் படித்தால், பசியை வைத்து யாரோ பேரம் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார். சொல் அதேதான், அது நின்ற இடம் நேரெதிராகிவிட்டது.

'கிரேட் டீல்' என்னும் தொடர் அந்தப் பழைய பொருளின் எச்சம். பெரும்பங்கு என்பதே அதன் நேர்ப்பொருள். அதிலிருந்து மிகுதி, ஏராளம் என்றாயிற்று. 'குட் டீல்' இன்னும் சுவையானது. 'எ குட் டீல் ஆஃப் மணி' என்றால் கணிசமான பணம். வெறுமனே 'எ குட் டீல்' என்றால் கணிசமான அளவாகவும் இருக்கலாம், இலாபகரமான பேரமாகவும் இருக்கலாம். ஆயிரம் ஆண்டு பழைய பொருளும் இருநூறு ஆண்டுகூட ஆகாத பொருளும் ஒரே தொடருக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஒருமுறை நானே இதில் தடுக்கி விழுந்து, கடன் மிகுதியாக இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் கடன் நல்ல பேரமாக அமைந்தது என்று எழுதியிருக்கிறேன்.

இதே வேரிலிருந்து கிளைத்த இன்னும் இரண்டு சொற்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று 'டோல்'. இதுவும் பங்கு என்ற பொருளிலேயே தொடங்கி, ஏழைகளுக்கு அளந்து கொடுக்கும் தருமமாகி, முதல் உலகப் போர் முடிந்தபின் பிரிட்டனில் வேலையற்றோருக்கு அரசு கொடுத்த உதவித்தொகைக்குப் பேச்சு வழக்குப் பெயராயிற்று.

மற்றொன்று 'ஆர்டீல்'. கடும் சோதனை, வேதனை மிகுந்த அனுபவம் என்று இன்று நாம் அறியும் அந்தச் சொல்லுக்குள் 'டீல்' இருக்கிறது என்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் தீர்ப்பு. அதாவது பகிர்ந்து கொடுக்கப்பட்டது, ஒருவருக்கு இதுதான் என்று அளந்து வழங்கப்பட்டது. ஜெர்மனில் தீர்ப்பைக் குறிக்கும் 'உர்டைல்' என்னும் சொல்லும் இதுவும் ஒன்றே. அக்காலத்து நீதிமுறையில் சான்றுகளால் முடிவுகாண முடியாத வழக்குகளைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலேந்தி ஒன்பது அடி தூரம் நடக்க வேண்டும். கையைக் கட்டி முத்திரையிட்டு, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் ஆறத் தொடங்கியிருந்தால் நிரபராதி, சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. தண்ணீரில் இறக்கும் சோதனையும் இருந்தது. அதில் மூழ்கியவர் குற்றமற்றவர், மிதந்தவர் குற்றவாளி. 1215-இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் திருச்சங்கம் இச்சடங்குகளில் குருமார் பங்கேற்பதைத் தடைசெய்தது. குருவின் ஆசி இல்லாமல் கடவுளின் தீர்ப்பு ஏது? இங்கிலாந்தில் 1219-இல் இம்முறை கைவிடப்பட்டது. வழக்கம் ஒழிந்தபின்னும் சொல் மட்டும் தங்கி, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எந்தக் கொடிய அனுபவத்துக்கும் பெயராகிவிட்டது. பங்கு என்ற சாதுவான சொல் பழுத்த இரும்புவரை போயிருக்கிறது. எண்ணிப்பார்த்தால் இதில் வியப்பில்லை. தமிழில் 'பால்' என்பது பகுதியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். கிரேக்கத்தில் 'மொய்ரா' என்பதும் அவ்வாறே. தனக்கு அளக்கப்பட்டது எது என்ற கேள்வியை மனிதர்கள் பங்கீட்டின் மொழியிலேயே கேட்டு வந்திருக்கிறார்கள்.

இனி வினைச்சொல்லின் வழி. பகிர்ந்து கொடுத்தல் என்னும் பொருள் முதலில் கொடுக்கப்படும் எதற்கும் விரிந்தது. ஒருவருக்கு அடி கொடுப்பதைக்கூட ஆங்கிலம் 'டீல்' என்றே சொல்லும். அப்பமும் அடியும் ஒரே கையால் வழங்கப்படுவன என்பதுபோல. ஒருவரோடு பங்கு கொள்ளுதல் என்பது அவரோடு தொடர்பு வைத்திருத்தல் என்றாகி, அவரிடம் நடந்துகொள்ளுதல் என்றாகி, இறுதியில் ஒரு சிக்கலைக் கையாளுதல் என்பதில் வந்து நின்றது. சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைத்துப் போடுவதற்கு இந்த வினையே 16-ஆம் நூற்றாண்டில் பெயராயிற்று. இன்றும் பழைய பொருள் துளியும் கெடாமல் உயிரோடிருப்பது அந்த ஆட்டமேசையில்தான். ஒருவர் பகிர்கிறார், மற்றவர்கள் தமக்கு வந்ததை வாங்கிக்கொள்கிறார்கள். 'டீலர்' என்னும் சொல்லும் பகிர்ந்தளிப்பவர் என்றே பிறந்தது; 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரக்கை வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பெயராயிற்று. மொத்தமாக வாங்கிச் சில்லறையாகப் பிரித்து விற்பவர் ஒருவகையில் பகிர்பவர்தானே என்று பார்த்தால், இந்த மாற்றம் அப்படியொன்றும் பெரிய தாவலில்லை. நம்மிடமும் 'கூறுபோட்டு விற்றல்' என்று உண்டு.

அரசியல் இந்தச் சொல்லைப் பேரத்திலிருந்து எடுக்கவில்லை, சீட்டாட்டத்திலிருந்து எடுத்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் தமிழில் நாம் தொடர்ந்து செய்துவரும் ஒரு பிழை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1903-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பேசும்போது, நாட்டுக்காக இரத்தம் சிந்தத் தகுதியுள்ள மனிதன் அதன்பின் 'ஸ்கொயர் டீல்' பெறவும் தகுதியுள்ளவனே என்றார். கள்ளத்தனம் இல்லாமல் சீட்டுப் போடுவதற்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. அவருடைய தூரத்து உறவினரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் சிகாகோவில், சனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்வுபெற்றதை ஏற்றுப் பேசிய உரையில், அமெரிக்க மக்களுக்கு ஒரு 'நியூ டீல்' தருவதாக உறுதியளித்தார். அத்தொடரை மார்க் ட்வெயின் 1889-இல் வெளியான தம் நாவலொன்றில் முன்பே பயன்படுத்தியிருந்தார். ஆயிரத்தில் சிலர் மட்டும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில், ஏமாந்து நிற்கும் மற்ற அனைவருக்கும் தேவைப்படுவது அதுவே என்று அவருடைய கதைமாந்தன் சொல்கிறான். 1949-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் அதிபர் ட்ரூமன் தம் உள்நாட்டுத் திட்டத்துக்கு 'ஃபேர் டீல்' என்று பெயரிட்டார். இதில் ஒரு கிளைச் செய்தி: பொறுப்பு என்னோடு நிற்கிறது என்று பொருள்படும்படி ட்ரூமன் தம் மேசையில் வைத்திருந்த பலகையின் வாசகமும் சீட்டாட்டத்திலிருந்தே வந்தது, அதில் வரும் 'பக்' என்பது, சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட ஆட்டக்காரர் முன் வைக்கப்படும் அடையாளப் பொருள்.

எனவே 'நியூ டீல்' என்பது யாரும் யாரோடும் செய்துகொண்ட ஒப்பந்தமன்று. கையில் வந்த சீட்டுகள் சிலருக்கு மட்டும் சாதகமாக விழுந்துவிட்டன. ஆகவே எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக் கலைத்து, மறுபடியும் முதலிலிருந்து போடுவோம் என்பதே அதன் உட்கிடை. தமிழில் அதை 'புதிய ஒப்பந்தம்' என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பினர் வேண்டும், இருவரும் இசைய வேண்டும், இருவர் கையொப்பமும் வேண்டும். இங்கே இருப்பதோ ஒரு பங்கீடு. 'புதுப் பங்கீடு' என்பதே சொல்லின் வேருக்கும் அந்தத் திட்டத்தின் நோக்கத்துக்கும் ஒருங்கே பொருந்தும் என்பது என் கருத்து.

உடன்பாட்டைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் 'டீல்' எவ்வளவு தனித்தது என்பது விளங்குகிறது. 'கான்ட்ராக்ட்' என்பது இலத்தீனில் ஒன்றாக இழுத்துக் கட்டுவது. 'கவனன்ட்' என்பது ஒன்றாக வந்து கூடுவது. 'அக்ரிமென்ட்' என்பது மனத்துக்கு உகந்தது என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. தமிழில் நாம் வைத்திருக்கும் சொற்களும் இவ்வகையினவே. ஒப்பந்தத்துக்குள் ஒப்புதல் இருக்கிறது, உடன்படிக்கைக்குள் 'உடன்' இருக்கிறது. எல்லாச் சொற்களும் சேர்வதைப் பேச, 'டீல்' மட்டும் பிரிப்பதைப் பேசுகிறது. எனக்கென்னவோ இதுவே உண்மைக்கு நெருக்கமானதாகத் தோன்றுகிறது. மேசையின் இருபுறமும் இருப்பவர்கள் சேர்ந்து சிரிப்பது படம் பிடிப்பதற்காக. அதற்கு முந்தைய நெடுநேரமும் யாருக்கு எவ்வளவு என்பதே பேச்சாக இருந்திருக்கும்.

பிரித்தல் எப்போதும் அமைதியாக முடிவதுமில்லை. இதே வேரிலிருந்து வந்த ஐஸ்லாந்துச் சொல்லான 'டேய்லா'வுக்குப் பகிர்தல் என்றும் பொருள், சச்சரவு என்றும் பொருள். தமிழின் 'பகு' என்னும் வேரிலிருந்து பகுதி, பகிர்வு, பாதி ஆகியவற்றோடு 'பகை'யும் பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவதை இதோடு சேர்த்துப் படித்தபோது, அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

இந்தச் சொல்லின் பயணத்தில் என்னை மிகவும் சிரிக்க வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். பகுதி என்னும் பொருளில் 'டைல்' என்ற உடன்பிறப்பைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தும், பேரம் என்னும் பொருளுக்காக ஆங்கிலத்தின் 'டீல்' என்பதை அவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஐரோப்பிய ஆணையம் 2019 டிசம்பரில் அறிவித்த பசுமைத் திட்டத்தின் ஜெர்மன் பெயரிலும் அது 'டீல்' என்றே நிற்கிறது. குற்ற வழக்குகளில் நீதிமன்றமும் வழக்கின் தரப்பினரும் பேசி ஓர் இணக்கத்துக்கு வரும் நடைமுறையை ஜெர்மனி 2009-இல் சட்டமாக்கியது. சட்டத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தாலும் செய்தித்தாள்கள் அதை 'டீல்' என்றே எழுதுகின்றன. அந்த 'டீல்' முடிந்தபின் நீதிபதி வழங்குவது 'உர்டைல்'. பேரமும் தீர்ப்பும், ஒரே தாய் வயிற்றுச் சொற்கள் இரண்டும், வெவ்வேறு வழிகளில் ஊர் சுற்றிவிட்டு ஒரே நீதிமன்ற அறையில் சந்தித்துக்கொள்கின்றன.

அரசுகளுக்கு இந்தச் சொல்மீது ஒரு தயக்கம் இருப்பதும் தெரிகிறது. 2015-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் வியன்னாவில் ஈரானோடு முடிவான அணுசக்தி உடன்பாட்டின் முறையான பெயர் 'ஒருங்கிணைந்த விரிவான செயல்திட்டம்' என்பதுபோல் நீளும். உலகம் அதை அறிந்தது 'ஈரான் டீல்' என்றுதான். நாலே எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல் தலைப்பில் இடத்தை அடைக்காது என்பது பத்திரிகைக்காரரின் கணக்கு. கொச்சையில் பிறந்த சொல் கையெழுத்திடும் தாளில் ஏறக்கூடாது என்பது தூதர்களின் கணக்கு.

ஒரே ஒலியில் வந்து ஏமாற்றும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 'டீல்' என்றொரு கடற்கரை நகரம் உண்டு. அதன் பெயர் பள்ளத்தாக்கைக் குறிக்கும் வேறொரு பழஞ்சொல்லிலிருந்து வந்தது. பேச்சுத் தமிழில் ஒருவரை 'டீலில் விடுவது' என்கிறோமே, அதற்கும் நம் சொல்லுக்கும் உறவில்லை. பட்டத்தின் நூலைத் தளர்த்தி விடுவதைக் குறிக்கும் 'டீல்' என்னும் இந்திச் சொல்லே அங்கே வந்து நிற்பதாகத் தெரிகிறது. மூன்றாவது, என்னை உண்மையாகவே திணறடித்த 'டீல்' மேசை. பேரம் பேசும் மேசை என்றே நானும் முதலில் எழுதிவிட்டேன். பார்த்தால், அது மரம். பலகை என்று பொருள்படும் இடைக்கால டச்சு அல்லது கீழ் ஜெர்மன் சொல்லொன்று, மரவணிகத்தோடு ஆங்கிலத்துக்கு வந்து, பைன், ஃபிர் போன்ற மரங்களின் பலகைக்குப் பெயராகியிருக்கிறது. பழைய ஆங்கில நாவல்களில் ஏழை வீடுகளிலும் சமையலறைகளிலும் அடிக்கடி வரும் 'டீல்' மேசைகள் எல்லாம் விலை மலிந்த அந்தப் பலகையால் ஆனவையே.

பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பினேன். மேசை பைன்பலகை மேசையாயிற்று. கடன் 'தலைக்கு மேல்' இருந்தது. வங்கியைத் தாய் 'சமாளித்தாள்'. தானிய வியாபாரி வியாபாரியாகவே இருந்தார். அவரோடு தந்தை ஒரு 'பேரம் முடித்தார்'. கடைசி இடத்தில் 'ரூஸ்வெல்ட்டின் புதுப் பங்கீடு' என்று எழுதினேன். பதிப்பாசிரியர் அதை அடித்துவிட்டு 'புதிய ஒப்பந்தம்' என்று திருத்தி அனுப்பினார். நான் மறுபடியும் பங்கீட்டைப் போட்டு, மேலே சொன்ன சீட்டாட்டச் செய்தியை அரைப் பக்கக் கடிதமாக இணைத்தேன். பதிலுக்கு 'நியூ டீல் எனப்பட்ட புதுப் பங்கீடு' என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். வைத்துக்கொண்டோம். அந்த ஆறில் அச்சில் வரப்போகும் 'டீல்' அது ஒன்றுதான்.